கவ்வாத்து



நமது மலையகத்துப் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. இரண்டிலும் படைவீட்டு வாடை வீசுகிறது. ஆயினும் நாள்தோறும் அவற்றை வழங்கும் நாம் அதனை உணர்வதில்லை. ஒன்று பெரட்டு; மற்றொன்று கவ்வாத்து. விடியற்காலையில் தொழிலாளர் கூடிநிற்க, கணக்கப்பிள்ளை பேர் பதிந்து, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்தனுப்பும் இடத்தைப் பெரட்டுக்களம் என்கிறோம். படையினர் அணிவகுத்து நிற்பதைக் குறிக்கும் பரேட் என்னும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் புரண்டு பெரட்டு ஆயிற்று என்பர். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கும் வேலை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பொலிஸ்காரரிடம் சென்று கவாத்து என்று சொல்லுங்கள். அவர் கத்தியைத் தேடமாட்டார், சப்பாத்தை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நிற்பார். அங்கே தோட்டக்காரனுக்கும் ஒரு கவாத்து உண்டு, படைவீரனுக்கும் ஒரு கவாத்து உண்டு. இவ்விரண்டும் ஒரு வேரிலிருந்து வந்தனவா, வெவ்வேறு வழியில் வந்து ஓரிடத்தில் சந்தித்தனவா என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். ஒரு சொல் இரு தொழிலுக்கும் நிற்கிறது என்பது மாத்திரமே இன்று எனக்கு வேண்டுவது.

உலகின் தேர்ந்த படைப்பிரிவுகள் தம் வீரர்களுக்கு அளிக்கும் பயிற்சியிலிருந்து வியாபாரத் துறையினரும் வேலை தேடும் இளைஞரும் கற்றுக்கொள்ளத்தக்கது யாது என்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டிருந்தனர். கொழும்பிலே இத்தகைய பயிற்சிக்கு இப்பொழுது நல்ல கிராக்கி. கம்பெனிகள் தம் இளம் உத்தியோகத்தரை வண்டியிலேற்றிக் காட்டுக்கு அனுப்பி, கயிற்றில் தொங்கவிட்டு, சேற்றில் புரளவிட்டு, திங்கட்கிழமை மீண்டும் மேசைக்கு அழைத்துக்கொள்கின்றன. நான் இராணுவத்தில் இருந்தவனல்லன். கலைப்பட்டதாரி, வரலாறு படித்தவன், ஹட்டனுக்கு அண்மையில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலேயே, அதாவது நம் மண்ணிலிருந்தே, தொடங்குகிறேன்.

இராணுவப் பயிற்சி தொழிலுக்குள் புகுந்த கதை இம்மலைநாட்டுக்குப் புதிதன்று. கண்டிக்குப் புகைவண்டியிலோ பேருந்திலோ செல்வோர் கடுகண்ணாவையில் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். அவர் இராணுவப் பொறியியலாளர். அந்தக் கண்டிச் சாலையின் ஒரு பகுதியை அமைக்கும் பணி 1820 ஆம் ஆண்டளவில் தோமஸ் ஸ்கின்னர் என்னும் ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1804 இல் பிறந்தவர்; அப்பொழுது ஏறத்தாழப் பதினாறு வயது; இராணுவத்தில் கீழ்நிலை அதிகாரி. சாலை போடுவதில் அவருக்கு எவ்விதப் பயிற்சியும் இருந்ததில்லை. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஆட்களும் அவ்வேலைக்குப் புதியவர்கள். அந்த இளைஞர் வேலையைச் செய்துகொண்டே வேலையைக் கற்றார். பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இத்தீவின் தெருக்களை அமைத்தார். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1891 இல் நூலாக வெளிவந்தன.

இக்கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, இராணுவப் பயிற்சி ஒருவனை எந்தத் தொழிலுக்கும் ஆயத்தமாக்கிவிடும் என்று முடித்துவிடலாம். மேடைப் பேச்சுக்கு அது போதும். ஆனால் வரலாறு படித்தவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மண்வெட்டியைப் பிடித்தவர் யார் என்று கேட்பான். இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரில் அழைக்கப்பட்ட கண்டி நாட்டுக் குடியானவர்களும், தென்னிந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட பயனியர் படையினரும் அச்சாலைகளை வெட்டினர். இராஜகாரியம் 1832 இல் ஒழிந்தது. கடுகண்ணாவைக் கோபுரம் ஒருவர் பெயருக்கு நிற்கிறது. மற்றவர் பெயர் எங்கும் இல்லை.

பிறகு கோப்பி வந்தது; கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தோட்டத் துரைமாருள் படையிலிருந்து வந்தோரும் படைக்குச் சென்றோரும் பலர். 1900 இல் துரைமாருக்கென்றே ஒரு தொண்டர் படை அமைந்தது. இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்று சொல்லலாம். கண்டியில் அதன் தலைமையகம். 1914 ஒக்டோபரில் அதிலிருந்து 8 அதிகாரிகளும் 229 சாதாரண வீரர்களும் கப்பலேறி எகிப்துக்குப் போயினர். பின்னர் கலிப்போலியில் தளபதி பேர்ட்வுட்டின் காவலராகவும் அவர்களுட் சிலர் நின்றனர். சாதாரண வீரராகச் சென்ற பலர் அதிகாரிகளாக உயர்த்தப்பட்டனர். 1949 இல் இலங்கை இராணுவம் தோன்றியபோது அந்தத் துரைமார் படையும் கலைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துரை தம் படையில் சாதாரண வீரராக நின்றபோது குழிக்குள் பக்கத்தில் இருந்தவரை நம்பக் கற்றார்; ஆணையிடுபவன் தன் ஆட்களுக்கு உணவு கிடைத்ததா என்று பார்த்த பின்னரே உண்ண வேண்டும் என்று கற்றார். இந்திய இராணுவக் கழகம் 1932 இல் டேராடூனில் தொடங்கப்பெற்றபோது படைத்தலைவர் செட்வுட் ஆற்றிய உரையின் சாரமும் அதுவே: நாடு முதலில், உன் ஆட்கள் அடுத்து, உன் சுகம் எப்பொழுதும் கடைசி. ஆனால் அதே துரை தோட்டத்துக்குத் திரும்பியபோது இவற்றுள் எதனைப் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்தார்? வரிசையைக் கொண்டுவந்தார். நேரத்தைக் கொண்டுவந்தார். அதட்டலைக் கொண்டுவந்தார். பிந்தி வந்தவனைத் திருப்பியனுப்புவதையும், நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவதையும் தோட்டம் நன்றாகக் கற்றுக்கொண்டது. யாவரும் அப்படியென்று நான் கூறவில்லை. தொழிலாளரோடு மழையில் நனைந்த துரைமாரைப் பற்றியும் எங்கள் லயத்து முதியவர்கள் சொல்லக் கேட்டதுண்டு. ஆனால் விதியாக வந்தது அதட்டல். விலக்காக வந்தது குடை.

நம்மவர்க்குச் சீருடை என்பது வேறு வகையிலும் தூரமாயிற்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகமும் இல்லை, படையும் இல்லை. அந்தக் குறை முழுதாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. இடையே வந்த போர்க்காலத்தில் சீருடையைக் கண்டதும் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடிய கைகள் பல. என் கையும் அவற்றுள் ஒன்று. ஆகையால் இராணுவப் பயிற்சி நல்லது என்று ஒருவர் நம்மிடம் வந்து சொன்னால், நாம் உடனே கைதட்டாமல் சற்று யோசிப்பது இயல்பு. 2011 இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவரை இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அழைத்தார்கள். பின்னர் பாடசாலை அதிபர்கள் சிலருக்கு ரந்தம்பையில் பயிற்சியளித்து, மாணவர் படையணியின் கேணல் பதவியையும் கௌரவமாக அளித்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. நான் அக்காலத்தில் வெறும் ஆசிரியன். என்னை எவரும் கேணல் ஆக்கவில்லை. ஆக்கியிருந்தால் மறுத்திருப்பேனா என்று என் மனைவி கேட்டதுண்டு. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தான். லயத்துப் பிள்ளை, உயர்தரம் சித்தியடைந்தவன், மூன்று மொழியும் பேசுவான். அந்நிறுவனத்தின் முகாமையாளர் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரரைப் பற்றிய நூல்களைப் படித்தவர். காலை ஏழு மணிக்கு யாவரும் நின்றபடி கோஷம் எழுப்ப வேண்டும். காரியாலயத்தின் மூலையில் ஒரு பித்தளை மணி. மாத இலக்கை எட்டாதவன் அம்மணியை மூன்று முறை அடித்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். என் மாணவன் நான்காம் மாதம் மணியை அடித்தான். ஊருக்கு வந்து இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அந்த மணி எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. கலிபோர்னியாவிலே கொரனாடோ என்னும் கடற்கரையில் சீல் படையினரின் அடிப்படைப் பயிற்சி நடைபெறுகிறது. அங்கே விலகிக்கொள்ள விரும்புகிறவன் மூன்று முறை மணியடித்துச் செல்லலாம் என்பது வழக்கம். அப்பயிற்சியில் நரக வாரம் என்று ஒரு வாரம் உண்டு. ஐந்தரை நாள், அவ்வளவு நாளுக்கும் சேர்த்து நான்கு மணி நேர உறக்கம்தான், குளிர்ந்த கடல், மணல், தலைமேல் படகு, தோள்மேல் மரக்கட்டை. இவ்வளவையும் அந்த முகாமையாளர் அறிந்திருந்தார். அவர் அறியாதது, அல்லது அறிந்தும் வேண்டாமென்று விட்டது வேறு. அதைச் சொல்லுமுன் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறரைக் குறைகூற எனக்கு வாயில்லை.

மாணவர் படையணி இந்நாட்டில் 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தோன்றியது. தோட்டப் பாடசாலைகளுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. எங்கள் பாடசாலையில் ஓர் அணி அமைக்க அனுமதி கிடைத்தபோது நான் பெருமையில் மிதந்தேன். போட்டிக்கு இரு மாதம் இருந்தது. வாடைக்காற்றும் தூறலுமாக இருந்த ஒரு காலையில், மைதானத்தை ஆறு சுற்று ஓடுமாறு நானே நின்று கட்டளையிட்டேன். மூன்றாம் சுற்றில் ஒரு பையன் சரிந்து விழுந்தான். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஆபத்தில்லை என்றார்கள்.

செய்தி கேட்டு அவன் தகப்பனார் மலையிலிருந்து நேரே வந்தார். கவ்வாத்துக்காரர். கத்தியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

“ஐயா, ஒரு மலைய வெட்டுறதுக்கு முந்தி வேரத் தோண்டிப் பாப்பாங்க. வேர்ல மாவு இருந்தாத்தான் கத்திய வைக்கலாம். மாவு இல்லாத செடிய வெட்டுனா அது திரும்பத் துளிர்க்காது, அப்புடியே பட்டுப்போயிரும். இவென் காலையில சாயத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு வந்தவென், ஐயா.”

இருபத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழிலில் எனக்கு எவரும் சொல்லாத பாடம் அது. அவர் சொன்னது முற்றும் சரியென்பதைப் பின்னர் தேயிலை அறிந்த நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்தேன். நேயர்களிற் பலர் இதனை என்னைவிட நன்கு அறிவீர்கள். பட்டணத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியை விட்டுவிட்டால் மரமாக வளர்ந்துவிடும். பறிக்கப் பறிக்க அதன் மேற்பரப்பு முடிச்சு விழுந்து, கொழுந்து குறைந்து, வங்கியிலை மிகுந்துபோகும். ஆகவே உயர்ந்த மலைகளில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். அதாவது உணவு சமைக்கும் இலையை ஏறத்தாழ முழுவதும் ஒரே நாளில் கழித்துவிடுவர். இலையில்லாத செடி எதைக்கொண்டு மீண்டும் துளிர்க்கும்? வேரில் சேமித்துவைத்த மாப்பொருளைக்கொண்டே. அதனால்தான் வெட்டுவதற்கு முன் பென்சில் பருமனான வேர்களை எடுத்து, குறுக்கே வெட்டி, அயடீன் கரைசலில் நனைத்துப் பார்ப்பர். கருநீலமாக மாறினால் மாவு உண்டு. மாறாவிட்டால் பொறுத்திருக்க வேண்டும். தேவையானால் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடியை ஓயவிடுவர். கடும் வரட்சியில் கத்தி வைப்பதில்லை. சில இடங்களில் செடியின் ஒரு கிளையை மாத்திரம் இலையோடு நிறுத்திவிட்டு, மற்றவற்றை வெட்டுவர். புதுத்தளிர் வரும்வரை அக்கிளை செடிக்கு மூச்சாக நிற்கும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் நிறுவப்பட்டது. அதன் பின் இவையாவும் எழுத்தில் விதிகளாயின. ஆனால் கத்தி பிடிப்பவனுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்.

இப்பொழுது கொரனாடோவுக்குத் திரும்புவோம். நரக வாரம் முதல் வாரத்தில் வருவதன்று. அதற்குமுன் தனியாக ஓர் ஆயத்தப் பயிற்சி. பின் கடற்கரையில் மேலும் சில வாரம் உடலைத் திடப்படுத்தும் பயிற்சி. அந்த ஐந்தரை நாளிலும் உணவு குறைக்கப்படுவதில்லை. நாளொன்றுக்கு 7,000 கலோரி வரையில் உண்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. நம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் எத்தனை பேருக்கு அது போதும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மருத்துவர் ஒவ்வொருவரையும் பரிசோதிக்க வேண்டுமென்பது விதி. எவனும் தனியே நீந்துவதில்லை, இருவர் இருவராகவே. படகைச் சுமப்பதும் ஒருவன் அல்லன், ஒரு குழு. குட்டையானவன் தலையில் படகு படாமல் நின்றால் அவன் தொப்பியில் எதையாவது அடைத்தாவது சுமையைப் பகிர வழி தேடுவர். நரக வாரம் முடிந்தவனுக்கு அடுத்த வாரம் இளைப்பாறும் வாரம். மணியை அடித்துச் செல்பவனும் வீதிக்குத் துரத்தப்படுவதில்லை. கடற்படையில் வேறு பணிக்குப் போகிறான்.

இந்த விதிகளில் ஒன்று தளர்ந்தாலும் என்னவாகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 2022 பெப்ரவரியில் ஓர் இளைஞர் நரக வாரத்தை வெற்றியாக முடித்து, சில மணி நேரத்துக்குள் இறந்துபோனார். கடற்படை நடத்திய விசாரணை, மருத்துவக் கண்காணிப்பில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. பயிற்சியின் கடுமையால் வீரனைச் செய்யலாம் என்பது பாதி உண்மை. அக்கடுமையைச் சூழ்ந்து நிற்கும் காவல் மற்றப் பாதி. நம் கொழும்பு முகாமையாளர் மணியை வாங்கினார்; வைத்தியரை வாங்கவில்லை. கோஷத்தை வாங்கினார், சோடியாக நீந்தும் தோழனை வாங்கவில்லை. நான் மாத்திரம் என்ன செய்தேன்? ஆறு சுற்றை வாங்கினேன். காலை உணவை வாங்கவில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய பயிற்சிக்கூடங்கள் உள்ளன. அதிகாரிகளுக்குத் தியத்தலாவை, கொமாண்டோப் படைக்குக் குடாஓயா, விசேட படைக்கு மாதுறு ஓயா. அவற்றின் உள்நடப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் படைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ஓட்டமும் வேண்டாம், கயிறும் வேண்டாம். செலவு ஒரு சதமும் இல்லை. இருந்தும் அதுவே யாவற்றினும் கடினம்.

அமெரிக்க இராணுவத்தில் 1970களில் தோன்றி, 1980களில் பெரிய பயிற்சிக் களங்களில் வேரூன்றிய வழக்கம் அது. ஒரு பயிற்சி முடிந்ததும் தளபதி முதல் கடைநிலை வீரன் வரை யாவரும் அங்கேயே கூடி அமர்கின்றனர். என்ன செய்ய எண்ணினோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் வேறுபட்டது? அடுத்தமுறை எதை மாற்றலாம்? இவ்வளவே கேள்வி. அந்த நேரத்தில் பதவி வெளியே நிற்கும். தளபதியின் பிழையைச் சிப்பாய் சொல்லலாம், அதற்காக அவனைப் பின்னர் தண்டிக்கலாகாது. பின்பு வியாபார நிறுவனங்களும் இதனைக் கைக்கொண்டன. பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் வேலை பிரிக்கப் பெரட்டு உண்டு. மாலையில் கொழுந்து நிறுக்கத் தராசு உண்டு. இன்று என்ன பிழை நடந்தது, அம்மா, நீங்கள் சொல்லுங்கள் என்று கொழுந்துக்காரியைக் கேட்கும் ஒரு களம் எந்தத் தோட்டத்திலாவது இருந்ததா?

எங்கள் பாடசாலையிலும் இருந்ததில்லை. ஓர் ஆண்டு சாதாரண தரப் பரீட்சையில் கணித பாடப் பெறுபேறு படுமோசமாக வந்தது. வழக்கப்படி ஆசிரியர்களைக் கூட்டி உரத்துப் பேசியிருப்பேன். அதற்குப் பதிலாக நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, முன் சொன்ன கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அமர்ந்தேன். பத்து நிமிடம் எவரும் பேசவில்லை. வெளியே மழை. பிறகு, நியமனம் பெற்று ஓராண்டும் ஆகாத ஓர் ஆசிரியை எழுந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: “சேர், மூன்றாந் தவணையில் பதினோராம் தரத்துக்கு 9 கணிதப் பாடவேளை நடக்கவில்லை. பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளைகள் மண்டபத்தில் கதிரை தூக்கினார்கள்.” அந்த விழாவை நடத்தியவன் நான். பிரதம விருந்தினர் வருகைக்காகக் கதிரைகளை மூன்று முறை மாற்றி அடுக்கச் சொன்னவனும் நான். என் முகம் எப்படி மாறிற்றோ அறியேன். அந்த ஆசிரியை உடனே அமர்ந்துவிட்டார். அவரை மறுபடி எழுந்து பேசச் சொல்லுவதற்கு எனக்கு வேண்டியிருந்த துணிவு, மைதானத்தை ஆறு சுற்று ஓடுவதற்கு வேண்டியதைவிட அதிகம். பேசினார். அதன் பின் வேறு நால்வரும் பேசினர்.

தோட்டத்துப் பெண்ணுக்கும் படைப்பயிற்சிக்கும் என்ன தொடர்பு என்று நேயர் சிலர் எண்ணக்கூடும். நம் உறவினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றனர் அல்லவா? 1943 யூலையில் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அறிவித்தார். சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. அவ்வாண்டு ஒக்டோபர் 22 ஆம் திகதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அங்கே சேர்ந்தோரிற் பெருந்தொகையினர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், எழுத்தறியாதவர் பலர். அதிகாலையில் பெரட்டுக்கு எழும்பிப் பழகிய அப்பெண்களுக்கு முகாமின் நேர ஒழுங்கு புதிதன்று. தங்கள் பெயரை ஒருவர் மரியாதையோடு அழைப்பதும், பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டு எழுத்துப் பழகுவதும், வசதி படைத்தவர் மகளும் தொழிலாளியின் மகளும் என்ற வேறுபாடின்றி ஒரே பந்தியில் உண்பதுமே புதிது.

அப்படை போரில் வென்றதென்று சொல்ல முடியாது; 1945 இல் கலைந்தது. ஆனால் அதில் பயின்றவர் பிற்காலத்தில் என்ன செய்தனர் என்பதைப் பாருங்கள். லட்சுமி, மணமாகி லட்சுமி சேகல் ஆனபின், கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார். 2012 இல் மறையும்வரை அதை விடவில்லை. ஈப்போவில் வளர்ந்த இளம்பெண் ராசம்மா பதினாறு வயதளவில் அப்படையில் சேர்ந்தவர். அவர் பின்பு ஆசிரியையாகி, ராசம்மா பூபாலன் என்ற பெயரில் 1960 இல் மலாயாவின் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதற் தலைவியானார். ஆண் ஆசிரியர்க்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியர்க்கு ஒரு சம்பளம் என்றிருந்த வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். கோலாலம்பூர் மெதடிஸ்த பெண்கள் பாடசாலையின் தலைமையாசிரியையாகப் பல ஆண்டு பணிபுரிந்தார். ஓர் அதிபர் என்ற முறையில் எனக்கு இவர் கதையில் தனிப் பற்று உண்டு. பயிற்சி முகாமில் அவர் கற்றது துப்பாக்கி பிடிப்பது. வாழ்க்கையில் அவர் பிடித்தது சம்பளப் பட்டியலை.

எங்கள் பாடசாலையில் இப்பொழுது மாணவியர் அணியும் உண்டு. பயிற்சி நாட்களில் காலை ஆறேகால் மணிக்கு அவித்த கடலையும் ஒரு கோப்பை பாலும்; பழைய மாணவர் சங்கத்தாரின் உதவி. அதை உண்டு அரை மணி நேரம் கழிந்த பின்னரே ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் புல்லில் வட்டமாக அமர்ந்து அதே கேள்விகள். சென்ற மாதம் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி, “ஐயா, எங்களை நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டு நீங்கள் ஏன் மூன்று நாள் பிந்தி வந்தீர்கள்?” என்று கேட்டாள். சம்பவப் புத்தகத்தில் அக்கேள்வியையும் என் பதிலையும் எழுதிக் கையொப்பமிட்டேன். பதில் அவ்வளவு திருப்தியானதன்று. கொழும்பில் மணியடித்துவிட்டு வந்த என் பழைய மாணவனும் சனிக்கிழமைகளில் வந்து இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான். மற்ற நாட்களில் ஹட்டன் பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். இலக்கு என்ற சொல்லைக் கேட்டால் மாத்திரம் இன்னும் சிரிக்கமாட்டான்.

மயங்கி விழுந்த பையன் அடுத்த ஆண்டு அணியின் தலைவனானான். அவன் தகப்பனார் ஒருநாள் பாடசாலைக்கு வந்து, பழைய பத்திரிகைத் தாளில் பொதிந்த ஒரு வேர்த்துண்டை என்னிடம் தந்தார். அவர் மலையில் அவ்வாண்டுக் கவ்வாத்துக்கு முன் சோதித்த வேர். விஞ்ஞான ஆசிரியர் அதனைக் குறுக்கே வெட்டி, பிள்ளைகள் பார்க்க அயடீனில் நனைத்துக் காட்டினார். அத்துண்டு இன்றும் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலில் இருக்கிறது. நீலம் சற்று மங்கிவிட்டது.